கதிரை யாருடையது

மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடனோடு ஸஹாப்தீன் குளிப்பாட்டும் பலகையில் கிடந்தார். கிணற்றடியைச் சுற்றிக் கட்டியிருந்த சீலைக்கு இந்தப் பக்கம், இலந்தையிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வாளியோடு மகள் றுஸைனா நின்றாள். சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் கை மட்டும் வெளியே வரும். நிறைந்த வாளியை வாங்கும், வெறும் வாளியைத் தரும். இத்தனை காலமும் அவரைக் குளிப்பாட்டித் துடைத்து, வெட்டிய காலின் நுனிக்குத் துணி சுற்றியது அவள் கைதான். இறந்துபோன ஆணின் மையித்தை ஆண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அதில் குறையொன்றும் இல்லை. உள்ளே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பது மூத்தவன் ஹஸீப் நானா என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. உயிரோடிருந்த வாப்பாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க நேரமில்லாத மனுஷன்.

உள்ளே ஃபோன் அடித்தது. ஹஸீப் ஈரக் கையை இடுப்பில் துடைத்தபடி சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். தங்கையைப் பார்த்தான். அவளை ஒரு தூணாகக் கருதி, அந்தப் பக்கம் திரும்பி நின்று பேசினான்.

"ஓம் றம்ஸீன், விடிய ஸுபஹுக்கு முந்தித்தான் மௌத்தானது. பகல் லுஹரோட அடக்கம்... இல்ல, இண்டைக்கு வேலை செய்ய ஏலாதுதானே. நாளைக்கிக் காலைல ஆளோட வாங்க. கதிரையக் கழட்டிக் கட்டி வச்சா கண்டிக்காரர் லொறி கொண்டு வருவார். அவர் போன கிழமையே அட்வான்ஸ் தந்துட்டார்."

றம்ஸீன் கலேவெலைக்காரன். வீட்டுப் படியில் ஏறி இறங்கும் மெஷின் நாற்காலியை, அந்தக் கதிரையை, பூட்டித் தந்தவன் அவன்தான். ஹஸீப் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி சீலைக்குள் போனான். மையித்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. றுஸைனாவுக்குப் போன கிழமை என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை. போன கிழமை வாப்பா அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் கீழே இறங்கி வந்து, கிணற்றடியில் வெயில் காய்ந்தார்.

கட்டடம் மாத்தளைக் கடைத்தெருவில் பழையது. கீழே முன்பக்கம் ஹஸீபின் சரக்குக் கடை, அதன் பின்னால் மிளகும் கராம்பும் சாதிக்காயும் அடுக்கிய ஸ்டோர் அறை, அதற்கும் பின்னால் குசினி, கக்கூசு, கிணறு. மேலே இரண்டு அறை. கீழ்ப்பகுதியை ஸஹாப்தீன் எப்போதோ மகன் பேருக்கு எழுதிவிட்டார். மேல்வீடு மட்டும் அவர் பேரில் இருந்தது. ஹஸீப் இரத்தோட்டை ரோட்டில் புது வீடு கட்டிப் போன பிறகு, மேலே வாப்பா, உம்மா, றுஸைனா மூன்று பேர். இரண்டுக்கும் நடுவே ஒரு படி. இடத்துக்கு ஆசைப்பட்ட எவரோ ஏணி மாதிரி நிமிர்த்திக் கட்டிய படி. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும்.

சீனி வியாதியில் கால் போன பிறகு, கக்கூசுக்கென்று ஸஹாப்தீன் கீழே இறங்குவது றுஸைனாவின் முதுகில்தான். அவளுக்கு அது பெரிய பாரமாகப் படவில்லை. பகலெல்லாம் நானாவின் ஸ்டோரில் நாள் கூலிக்கு மிளகு புடைத்து, மூட்டை நகர்த்திப் பழகிய உடம்பு. மூட்டை வாய் திறந்து மன்னிப்புக் கேட்காது, வாப்பா ஒவ்வொரு படிக்கும் கேட்பார். ஒரு மழை நாள் கால் வழுக்கி இருவரும் சேர்ந்து உருண்டார்கள். அவர் தலை சுவரில் மோதியது. மகள், ஒனக்கு எங்கயும் அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார்.

அன்றைக்கு றுஸைனா நானாவிடம் போய்க் கேட்டது ஒரே ஒரு விஷயம். ஸ்டோர் அறையில் ஒரு கட்டில் போடுகிற இடம். காசு செலவில்லை. மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளினால் போதும்.

ஹஸீப் அவளை விசித்திரமாகப் பார்த்தான். மிளகு விலை ஏறப்போகிற நேரம், அறையைக் காலி செய்தால் சரக்கை எங்கே வைப்பது, வியாதிக்காரர் படுக்கிற இடத்தில் கராம்பு மணம் கெட்டுப் போகுமே, வாங்க வருகிறவன் மூக்கைப் பொத்த மாட்டானா என்று அடுக்கினான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான். வெளிநாடுகளில் படிக்கு ஒரு மெஷின் கதிரை பூட்டுகிறார்கள். சுவரோரம் தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி, அதில் கதிரை தானாக ஏறும், தானாக இறங்கும். ஜப்பானில் பாவித்த பழையது கொழும்புக்கு விற்பனைக்கு வருகிறது.

கதிரைக்குக் காசு? றுஸைனா அலைந்தாள். அரசாங்க ஆபீசில் சக்கர நாற்காலி தரலாம், படிக்குக் கதிரை என்று ஒன்று தங்கள் வகையில் இல்லை என்றார்கள். ஏழைகளுக்குத் தர்மம் கொடுக்கிற ஸகாத் கமிட்டியில், ஹஸீப் ஹாஜியாருடைய வாப்பாவுக்கு ஸகாத்தா என்று ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பேங்கில் கடன் எடுத்தால் வட்டி. வட்டி என்ற சொல்லை வாப்பா வீட்டுக்குள் நுழையவே விடமாட்டார். கடைசியில் ஹஸீபே பணம் போட்டான். எப்படிப் போட்டான் என்பதுதான் விஷயம்.

ஒன்பது லட்சத்துக்குக் கதிரையை வாங்கி, பதினொரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வாப்பாவுக்கு விற்றான். வட்டி ஹராம், வியாபாரம் ஹலால். லாபம் வைத்து விற்று, காசைத் தவணையில் வாங்குவதில் மார்க்கத்துக்கு முரணாக ஒன்றும் இல்லை என்று இரண்டு சாட்சி வைத்து எழுதிக்கொண்டான். உம்மா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வாப்பா மட்டும் சிரித்தார். நல்ல வியாபாரி, நான் பழக்கினதுதானே என்றார். இரத்தோட்டையில் இருந்த மிளகுக் காணித் துண்டை விற்று ஏழு லட்சத்து எழுபத்தையாயிரத்தை மகன் கையில் எண்ணிக் கொடுத்தார். மிச்சத்துக்குத் தவணை. அந்த மிச்சம்தான் இப்போது அவரோடு பலகையில் கிடந்தது.

கடைசி நாட்களில் அவருக்கு வேறு பேச்சில்லை. கடனாளியின் ரூஹு, அவன் உயிர், கடன் தீரும் வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்று சின்ன வயதில் பள்ளிவாசலில் கேட்டது. அதை நினைத்து நினைத்துப் பயந்தார். மருந்தை வாயருகே கொண்டு போனால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "மகள், இத முடிக்காம என்னத் தூக்க வுட்டுராத." அவள் சரி என்றாள். எந்தக் காசைக் கொண்டு முடிப்பது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குசினியில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பிளேன்டீயும் பாணும் வந்திருந்தன. ஹஸீபின் மனைவி ஹமீமா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு எந்தக் கோப்பை என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். வந்த பெண்களில் ஒருத்தி அந்த மெஷின் கதிரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை கேட்டாள். ஹமீமா காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள்.

"பதினொரு லட்சத்துக்கு மேல. எங்கட ஆள் இல்லாட்டி மாமா மௌத்தாகும் மட்டும் மேலதான் கிடந்திருப்பார். ராஜா மாதிரி ஏறி எறங்கினார்."

றுஸைனா வாளியைக் கீழே வைத்தாள்.

"மேல கிடந்திருக்க மாட்டார் மதினி. ஸ்டோர்ல கிடந்திருப்பார். மிளகுக்குக் கிடைச்ச எடம் அவருக்குக் கிடைக்கல்ல."

பாணைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. ஹமீமா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"மையித்து வீட்ல நாக்க அடக்கிப் பேசு றுஸைனா. நாளைக்கி ஒனக்கும் உம்மாக்கும் சோறு யார் போடுறது எண்டும் யோசி."

"இண்டைக்கு வரைக்கும் யார் போட்டது எண்டு நீங்க யோசிங்க."

அதற்கு மேல் அங்கே நின்றால் கை நீண்டுவிடும் என்று றுஸைனாவுக்குப் பட்டது. வெளியே வந்தாள். குளிப்பாட்டி முடித்து, கபன் துணி சுற்றுவதற்காக வாப்பாவை முன்கடைக்குக் கொண்டு போயிருந்தார்கள். கடையில் தராசையும் மூட்டைகளையும் ஓரம் கட்டி இடம் பண்ணியிருந்தது. மௌத்தானவருக்கு ஒரு பொழுதில் இடம் பண்ண முடிந்திருக்கிறது.

ஸ்டோர் அறையின் வாசலில் ஹஸீப் உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவை மறித்து நின்றாள். தூக்குவதற்கு முன்னால் அந்தக் கடனை ஹலாலாக்கி, வேண்டாமென்று விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டது அவளுக்கே பிச்சை மாதிரித்தான் ஒலித்தது. ஆனாலும் வாப்பாவின் மணிக்கட்டுப் பிடி நினைவில் இருந்ததால் இன்னொரு முறையும் கேட்டாள்.

ஹஸீப் கடைசிப் பொத்தானையும் போட்டான்.

"எழுதினது எழுதினதுதான். மேல்வீடு ஈக்குதுதானே, விக்கிற நேரம் அதுல கழிச்சிக்குவம். எனக்கொண்டும் அவசரமில்ல."

"அது எப்ப விக்கிற? உம்மா உசிரோட ஈக்கக்குள்ள விக்க ஏலுமா? அது மட்டும் வாப்பா கடனோட கிடக்கவா?"

"நான் கடனோட கிடக்கல்லயா?" ஹஸீபின் குரல் முதல் முறையாக ஏறியது. "பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி என்னக் கடையில போட்டப்ப எனக்கு என்ன வயசு? முதல் மூட்ட மிளகக் கைல தந்துட்டு, காசை எப்ப தருவாய் எண்டு கேட்டவர் அவர். மூணு மாசம் பிந்திக் கொண்டு போனேன். ஊர் ஆக்களுக்கு முன்னால என்னக் கள்ளன் எண்டு சொன்னார். அத யாரு ஹலாலாக்கினது?"

றுஸைனா அதைக் கேள்விப்பட்டதே இல்லை. வாப்பா அப்படிச் சொல்லியிருப்பாரா என்று யோசித்தாள். சொல்லியிருப்பார். காசு விஷயத்தில் அவர் நாக்கு கத்திதான். ஒரு கணம் அவளுக்கு நானாவின் முகத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தெரிந்தான். அடுத்த கணம் அவன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"அப்ப இது பழிக்கு வச்ச கடனா நானா?"

"வழிய வுடு. ஆக்கள் வந்துட்டாங்க."

தோளால் அவளை இடித்துக்கொண்டு போனான்.

உம்மா முகம் பார்க்க வேண்டும் என்று மேலிருந்து ஆள் அனுப்பினார். உம்மா பீபிக்கு இரண்டு முட்டியும் போய்ப் பல காலம். கதிரை வந்த பிறகு அதில் அவருக்கும் பாதி உரிமை மாதிரி ஆகிவிட்டிருந்தது. வெள்ளைச் சீலை உடுத்து, கதிரையில் உட்கார்ந்து, மெல்லிய இரைச்சலோடு கீழே வந்தார். ஆண்களை ஒதுக்கிவிட்டு றுஸைனா அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டு போனாள். பீபி புருஷனின் நெற்றியில் கை வைக்கப் போய், இனி வைக்கக் கூடாதோ என்று யாரையோ பார்த்துக் கேட்டார். வைக்கலாம் என்றார்கள். வைத்தார். அழவில்லை. மறுபடி கதிரையில் ஏறி மேலே போய், படியின் உச்சியில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அங்கே இருந்தால் கீழே பேசுகிறது கேட்கும்.

றுஸைனா அவர் காலடியில் குந்தினாள். கதிரையை நானா போன கிழமையே விலை பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டதைச் சொன்னாள். நாளைக்குக் கழற்ற வருகிறார்கள் என்றாள். கடனையும் விடவில்லை, கதிரையையும் விடவில்லை என்றாள்.

பீபியின் விரலில் தஸ்பீஹ் மணி ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"உம்மா, இது போனா நீங்க எப்படி எறங்குவீங்க? கக்கூசுக்கு?"

மணி நகர்ந்தது. கீழே பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத் வந்து ஸலாம் சொல்லுகிற சத்தம் கேட்டது. பீபி மகளின் முக்காட்டை நெற்றிக்கு இழுத்துச் சரி செய்துவிட்டார்.

"வாப்பாவப் பாரமில்லாம அனுப்பு" என்றார். "மத்தத விடு."

அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவில் மையித்தைத் தூக்குவதற்கு முன்னால், மௌத்தானவரின் மூத்த மகன் கூட்டத்தைப் பார்த்து நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும். பேசித்தான் தூக்குவார்கள். முன்கடையும் வாசலும் தெருவும் நிறைந்திருந்தன. நாவுலையிலிருந்தும் கலேவெலையிலிருந்தும் ஹஸீபோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வியாபாரிகள் வந்திருந்தார்கள். ஸ்டோருக்கும் கடைக்கும் நடுவில் பெண்களுக்காகத் தொங்கவிட்ட சீலைக்குப் பின்னால் றுஸைனா நின்றாள். ஹமீமா அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, காவல் நிற்கிற மாதிரி நின்றாள்.

நுஹ்மான் ஹஸ்ரத் துஆ ஓதி முடித்தார். ஹஸீப் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தான். குரல் தழுதழுத்தது. அதில் பொய் இல்லை என்றுதான் றுஸைனாவுக்குப் பட்டது, அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"எங்கட வாப்பா யாருக்காவது வாயால, கையால வருத்தம் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க. வாப்பா யாருக்காவது கடன் குடுக்க வேண்டி ஈந்தா என்னச் சந்திங்க. அதுக்கு நான் பொறுப்பு."

கூட்டம் ஆமீன் என்று முனகியது. மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள்.

"கடன் ஒண்டு ஈக்குது" என்றாள் றுஸைனா.

சீலைக்குப் பின்னாலிருந்து வந்த பெண்குரல். குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். ஹமீமா அவள் கையைப் பிடித்து முறுக்கினாள். மூட்டை தூக்குகிற கை, லேசாக உதறியதும் விடுபட்டது.

"பொம்புளைங்க கதைக்கிற எடம் இல்ல இது. தூக்குங்க" என்றான் ஹஸீப்.

ஹஸ்ரத் கையை உயர்த்தினார். வயதில் சிறியவர், ஹஸீபின் கடையில்தான் பள்ளிவாசலுக்குச் சாமான் எடுப்பவர். கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். "கடன் ஈக்குதா எண்டு நீங்கதான் கேட்டீங்க ஹாஜியார். ஈக்குது எண்டு சொன்னா கேட்டுட்டுத்தான் தூக்கணும். யாருக்குக் குடுக்கணும் தாத்தா?" அக்காவைக் கூப்பிடுகிற முறையில் சீலைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"கேட்டவருக்கே."

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கினார்கள். றுஸைனா தொகையைச் சொன்னாள். ஆயிரம் ஐந்நூறு விடாமல் சொன்னாள். எதற்கு என்பதையும் சொன்னாள். படியேறுகிற கதிரையை மகன் வாப்பாவுக்கு லாபம் வைத்து விற்றது, வாப்பா மிளகுத் துண்டை விற்றுக் கொடுத்தது, மிச்சம் நிற்பது. சொல்லச் சொல்லத் தெருவில் நின்றவர்களும் கடைக்குள் தலையை நீட்டினார்கள்.

ஹஸீபின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வியாபாரி. "வாங்கினது உண்மை, எழுத்து ஈக்குது, வட்டி ஒரு சதம் இல்ல" என்றான். "நான் பொறுப்பு எண்டு சொன்னேன்தானே. நான் எனக்கே குடுக்கிறத நான் பாத்துக்கிறேன். குடும்ப விஷயம். தூக்குங்க."

"ஒரு கேள்விதான் ஹஸ்ரத்" என்றாள் றுஸைனா. மெதுவாகப் பேசினாள். "அந்தக் கதிரை இப்ப யார்ட?"

"இது என்ன கேள்வி?" என்றான் ஹஸீப்.

"வாப்பாட எண்டா கடன் ஈக்குது. நாங்க எப்படியாவது குடுக்கிறோம். ஆனா வாப்பாட கதிரைய, வாப்பா அதுல ஏறி எறங்கிக்கிட்டு ஈக்கக்குள்ளயே, போன கிழம கண்டிக்காரருக்கு வித்து அட்வான்ஸ் எடுத்தது யாரு? அவர்ட சாமான அவருக்குத் தெரியாம விக்க யாரு சொன்ன? நானாட கதிரை எண்டா, நானா விக்கலாம், அதுல பிழையில்ல. ஆனா அப்ப வாப்பா எதுக்குக் கடன்?"

தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நாவுலை வியாபாரிகளில் ஒரு பெரியவர் ஹஸீபையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை, மூட்டைக்குள் கை விட்டு அடிச்சரக்கு ஈரமா என்று தடவிப் பார்க்கிறவரின் பார்வை.

ஹஸீப் ஹஸ்ரத்தைப் பார்த்தான். ஹஸ்ரத் தரையைப் பார்த்தார். கபன் சுற்றிய உருவத்தைப் பார்த்தான். என்ன நினைத்தான் என்று சீலைக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை.

"கதிரை என்ட" என்றான்.

"அப்ப கடன்?" என்றார் ஹஸ்ரத்.

"இல்ல."

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க ஹாஜியார்."

"எங்கட வாப்பாக்கு எங்கிட்ட ஒரு சதம் கடன் இல்ல." பல்லுக்குள்ளிருந்து வந்தது. "போதுமா?"

ஹஸ்ரத் சீலைப் பக்கம் திரும்பினார். அப்படியானால் மர்ஹூமான உங்கள் வாப்பா முன்னே கட்டிய ஏழு லட்சத்து எழுபத்தையாயிரம் வாரிசுகளுக்குத் திரும்ப வர வேண்டும், அது உங்கள் உரிமை, அதைக் கேட்கிறீர்களா என்றார். ஹஸீப் சட்டென்று நிமிர்ந்தான்.

றுஸைனாவுக்கு இரத்தோட்டை மிளகுத் துண்டு ஒருமுறை கண்ணில் வந்து போனது. கேட்டால் வாக்குவாதம். வாக்குவாதம் என்றால் சாட்சி, எழுத்து, நாளைக்குப் பேசுவோம். அது வரைக்கும் வாப்பா கடைத்தரையில் கிடப்பார்.

"நான் கேக்கல்ல. கதிரையும் காசும் அவர் எடுக்கட்டும். வாப்பாவ வுட்டாப் போதும்."

"ஒங்கட உம்மாவும் வாரிசுதானே. அவங்களுக்குச் சம்மதமா?"

கேள்வி மேலே போனது. படியின் உச்சியிலிருந்து பதில் வந்தது.

"சம்மதம்" என்றார் பீபி.

அதைத் தொடர்ந்து மேலே ஒரு சத்தம். கதிரையின் இருக்கையை மடித்துச் சுவரோடு சாய்த்த சத்தம். அது என்ன சத்தம் என்று அங்கே நின்றவர்களில் றுஸைனாவுக்கு மட்டும் தெரிந்தது.

கலிமா சொல்லிச் சந்தூக்கைத் தூக்கினார்கள். முன் கொம்பை ஹஸீப் தோளில் ஏற்றிக்கொண்டான். யாரும் அவனோடு பேசாமல் தோள் மாற்றினார்கள். கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு பள்ளிப் பக்கம் போனது. பெண்கள் சீலைக்குள்ளேயே நின்று அழுதார்கள். ஹமீமா முழங்கையைத் தடவிக்கொண்டு, ஊர் முன்னால என் புருஷன் மானத்த வாங்கிட்டாய், நீ நல்லா ஈக்க மாட்டாய் என்றாள். றுஸைனா கடைத்தரையில் சிந்திக் கிடந்த கற்பூரத் தூளை ஈரத் துணியால் துடைத்தாள்.

அடக்கம் முடிந்து ஹஸீப் கடைக்கு வரவில்லை. ஒருவன் வந்து கதிரையின் சாவியை ஹாஜியார் கேட்டதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். நாளை முதல் ஸ்டோருக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிடச் சொன்னாராம். கதிரையில் வேறொரு சாவியும் சொருகித்தான் கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று வந்தவனுக்குத் தெரியவில்லை.

வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கை கால் கழுவி வுழூச் செய்யக் கீழே வர வேண்டும் என்று உம்மா எழும்புகிற சத்தம் கேட்டு றுஸைனா படியடிக்கு ஓடினாள். உச்சியில் கதிரை மடித்தபடி இருந்தது. அதன் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது.

"இருங்க உம்மா, நான் தூக்கிக்கிறேன்."

"வாணாம். ஒன்ட முதுகு வாப்பாவத் தூக்கித் தேஞ்சது போதும்."

"அப்ப அதுல ஏறி இருங்க. சாவி ஈக்குது. நாளைக்கித்தானே கழட்ட வாராங்க."

பீபி மகளைப் பார்த்தார். சம்மதம் சொல்லிக் கொடுத்ததில் ஏறி இருக்கவா என்பது போல ஒரு பார்வை, பிறகு அதுவும் இல்லை. வெள்ளைச் சீலையைக் காலோடு ஒதுக்கிக்கொண்டு, தலைப் படியில் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். ஒரு காலைக் கீழ்ப்படிக்கு நீட்டினார். இரண்டு கையையும் ஊன்றி உடம்பை இறக்கினார். மூச்சு வாங்கினார். மறு காலை நீட்டினார். றம்ஸீன் கம்பி பூட்டிய நாளில் பழைய மரக் கைப்பிடியைக் கழற்றி எறிந்திருந்தான். பிடித்துக்கொள்ள அந்தக் கம்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. பாதி வழியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தபோது பீபியின் கை தன்னையறியாமல் கம்பியை நோக்கிப் போனது. தொடுவதற்கு முன்னால் நின்றது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு ஆறும் வரை அந்தப் படியில் இருந்தார். பிறகு அடுத்த படிக்குக் காலை நீட்டினார்.